ஒரு கோல் குறைவு: யூர்கன் கிளோப்பிடம் நாம் படிக்க வேண்டியது



போன மாதம் நம் கிளையின் இளைஞர் வகுப்பில் பாடம் நடத்தும் முறை எனக்கு வந்தது. வகுப்பைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன், "தலைப்பை நீயே எடு தம்பி. ஆனா உனக்குத் தெரியாததைப் பத்தி மட்டும் பேசாதே," என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று காற்பந்து. இன்னொன்று தோல்வி.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன வருடம் 'கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பாடத்தில் ஃபெயில். முடிவு வந்த அன்றைக்கு ராத்திரி விடுதி அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தை நாலு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தேன். நாலு தடவையும் அதே 'எஃப்'தான். வீட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. அம்மா போன் பண்ணினால், "சாப்பிட்டேன்மா, படிச்சுக்கிட்டு இருக்கேன்மா," என்று சமாளித்து வைத்துவிடுவேன்.

அதே மாதத்தில்தான் கிளைகளுக்கு இடையிலான ஃபுட்சால் போட்டியில், நான் பயிற்சி கொடுத்த நம் தம்பிகளின் குழு பினால்டியில் தோற்றது. கடைசிப் பந்தை வெளியே அடித்த தம்பி நான்காம் படிவம் படிக்கிறவன். அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கும் வரவில்லை, வகுப்புக்கும் வரவில்லை.

அந்த நாள்களில் நான் தேடித் தேடிப் படித்த மனிதர் யூர்கன் கிளோப். நம்மில் பலருக்கு அவரை லிவர்பூல் பயிற்றுநராகத்தான் தெரியும். தொப்பி, மூக்குக் கண்ணாடி, பெரிய சிரிப்பு, ஆட்டம் முடிந்ததும் நெஞ்சில் குத்திக்கொண்டு ரசிகர்களைப் பார்த்துக் கத்துவது. ஆனால் எனக்குப் பாடமாக அமைந்தது லிவர்பூல் கிளோப் இல்லை. அதற்கு முன்னால், ஜெர்மனியில் மைன்ஸ் என்ற ஊரில், இரண்டாம் பிரிவு கிளப் ஒன்றில் பதினெட்டு வருடம் இருந்த கிளோப்தான். அவரிடமிருந்தே தொடங்குவோம்.

1. சுமாரான ஆட்டக்காரர்

கிளோப் பிறந்தது 1967 ஜூன் 16-ஆம் தேதி, ஸ்டுட்கார்ட் நகரில். வளர்ந்தது பிளாக் ஃபாரஸ்ட் என்னும் மலைக்காட்டுப் பகுதியில் உள்ள கிளாட்டன் என்ற சின்ன ஊரில். அப்பா விற்பனையாளர். அவரும் இளமையில் கோல்காவலராக விளையாடியவர். மகனைக் கண்டிப்பாக வளர்த்தவர்.

இருபதுகளின் தொடக்கத்திலேயே கிளோப் தந்தையாகிவிட்டார். பிராங்பர்ட்டில் படித்துக்கொண்டே சின்னச் சின்னக் கிளப்புகளில் விளையாடினார். சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சினிமாப் படச்சுருள்கள் வைத்திருக்கும் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையும் பார்த்தார். 1990-இல் மைன்ஸ் 05 கிளப்பில் சேர்ந்தார். 2001 வரை அங்கேயே விளையாடினார். 325 லீக் ஆட்டங்கள், 52 கோல்கள். 1991-இல் எர்ஃபுர்ட் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல் அடித்தார். ஆனால் முதல் பிரிவான புண்டெஸ்லீகாவில் ஆட்டக்காரராக அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. தாக்குதல் ஆட்டக்காரராக ஆரம்பித்தவரை 1995-இல் தற்காப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் தன்னைப் பற்றியே ஒரு கணக்கு சொல்வார்: தலை முதல் பிரிவுத் தலை, கால் நான்காம் பிரிவுக் கால், இரண்டையும் கூட்டி வகுத்தால் இரண்டாம் பிரிவு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சரியாக அளந்து வைத்திருந்தார். அளந்ததோடு நிற்கவும் இல்லை. விளையாடிக்கொண்டே பிராங்பர்ட் கோத்தே பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்து 1995-இல் பட்டம் வாங்கினார். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு என்ன தெரியுமா? நடைப்பயிற்சி! ஓடி ஓடி எதிரணியை மூச்சு வாங்க வைக்கும் பயிற்றுநர் எழுதியது நடப்பதைப் பற்றி. அதோடு, வாரம் இரண்டு முறை கோலோன் நகருக்குப் போய்ப் பயிற்றுநர் உரிமத்துக்கும் படித்தார்.

கால் கைவிடும் என்று தெரிந்தவர், தலையைத் தயார் பண்ணி வைத்தார். இது முதல் பாடம்.

2. கிரீடம் கிடைக்காத ஆசிரியர்

கிளோப்பைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடும் ஒரு பெயர் வோல்ஃப்காங் ஃபிராங்க். 1995-இல் மைன்ஸ் இரண்டாம் பிரிவின் கடைசி இடத்தில் கிடந்தபோது பயிற்றுநராக வந்தவர்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பெரும்பாலான குழுக்கள் 'லிபெரோ' முறையில் ஆடின. எல்லாருக்கும் பின்னால் ஒரு தற்காப்பாளர் தனியாக நிற்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஆள் எதிரணிக்காரரைத் துரத்துவார்கள். ஃபிராங்க் அதை எடுத்துவிட்டார். இத்தாலியின் ஏ.சி. மிலான் குழுவுக்கு அரிகோ சாக்கி சொல்லிக் கொடுத்த முறையைக் கொண்டு வந்தார். நான்கு தற்காப்பாளர்கள் ஒரே கோட்டில் நிற்பார்கள். ஆளைத் துரத்துவதற்குப் பதிலாக இடத்தைக் காப்பார்கள். பந்து எந்தப் பக்கம் போகிறதோ, பதினோரு பேரும் ஒரே உடம்பு மாதிரி அந்தப் பக்கம் நகர்வார்கள்.

சொல்ல எளிது. பழக்க வேண்டுமே! சாக்கியின் பயிற்சி வீடியோவை ஐந்நூறு தடவையாவது பார்த்திருப்போம் என்று கிளோப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வீடியோவில் பந்துகூட இருக்காது. கம்புகளை நட்டு வைத்து, ஆட்டக்காரர்கள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அவ்வளவு அலுப்பான வீடியோ. ஆனால் அதற்குப் பிறகு மைன்ஸ் மேலே வந்தது, கீழே இறங்காமல் தப்பியது.

கிளோப் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். அதுவரைக்கும் எதிரணியில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் நாம் தோற்போம் என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். முறை சரியாக இருந்தால் பலவீனமான குழுவும் பலமான குழுவை ஜெயிக்கலாம் என்று ஃபிராங்க் காட்டினார். பொறியியல் மாணவனாக எனக்கு இது உடனே புரிந்தது. ஒவ்வொரு உதிரிப்பாகமும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவை எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இயந்திரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபிராங்க் புண்டெஸ்லீகாவில் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் பயிற்றுநராக இருந்ததில்லை. ஊர் ஊராக, கிளப் கிளப்பாக வேலை பார்த்தார். 2013 செப்டம்பரில் காலமானார். ஆனால் அவரிடம் மைன்ஸில் விளையாடியவர்களில் கிளோப் மட்டுமல்ல, டோர்ஸ்டன் லீபர்கினெக்ட் போன்றவர்களும் பிற்காலத்தில் புண்டெஸ்லீகா பயிற்றுநர்களாக வந்தார்கள். தன்மேல் அதிகத் தாக்கம் ஏற்படுத்தியவர் ஃபிராங்க்தான் என்று கிளோப் மறைக்காமல் சொல்லி வந்திருக்கிறார். நமக்கும் டியூஷன் சொல்லிக் கொடுத்த அக்கா, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவர் பெயர் எந்தப் பேப்பரிலும் வந்திருக்காது. அதற்காக அவர் வேலை சின்ன வேலை ஆகிவிடாது.

3. ஒரே ராத்திரியில் பயிற்றுநர்

2001 பிப்ரவரி. ஃபிராங்க் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்களிடம் அந்த முறை கைமாறவில்லை. மைன்ஸ் மறுபடியும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும் நிலை. பயிற்றுநரை நீக்கினார்கள். வெளியே ஆள் தேடுவதற்குப் பதிலாக, கிளப் நிர்வாகி கிறிஸ்டியன் ஹைடல் குழுவுக்குள்ளேயே பார்த்தார். அந்த நான்கு பேர் தற்காப்பு முறை ஆட்டக்காரர்களுக்கே தெரியும். அவர்களுக்குள் நன்றாகப் பேசத் தெரிந்தவர், யோசிக்கத் தெரிந்தவர் யார்? 33 வயது கிளோப்.

நேற்று வரைக்கும் உடைமாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இன்றைக்கு முன்னால் நின்று பேசுகிறார். முதல் ஆட்டம் டுயிஸ்பர்க் குழுவுக்கு எதிராக. 1-0 வெற்றி. முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. மைன்ஸ் 14-ஆவது இடத்தில் முடித்துத் தப்பியது.

இதில் எனக்கு மனதைத் தொட்ட ஒன்று உண்டு. கிளோப்பின் அப்பா முந்தின வருடம், 2000-இல்தான் புற்றுநோயால் இறந்தார். மகன் பயிற்றுநராக நின்ற ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

4. ஒரு புள்ளி, ஒரு கோல்

இனி வருவதுதான் நான் இந்தப் பாடத்தை எடுத்ததற்கே காரணம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2001-02 பருவம். மைன்ஸ் வருடம் முழுவதும் பிரமாதமாக ஆடியது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் புண்டெஸ்லீகா. கடைசி ஆட்டம் பெர்லினில், யூனியன் குழுவுக்கு எதிராக. சமன் செய்தாலே போதும். 3-1 தோல்வி. 64 புள்ளியோடு நான்காவது இடம். ஒரே ஒரு புள்ளி குறைவு.

2002-03 பருவம். மறுபடியும் கடைசி நாள். மைன்ஸ் தன் ஆட்டத்தை 4-1 என்று ஜெயித்துவிட்டது. தங்கள் வேலை முடிந்தது என்று காத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் வேறொரு திடலில் பிராங்பர்ட் குழு கடைசி நிமிடங்களில் கோல் மேல் கோலாக அடித்துக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரத்தில், 93-ஆவது நிமிடத்தில், இன்னொரு கோல். 6-3. இரண்டு குழுவுக்கும் 62 புள்ளிகள். கோல் வித்தியாசம் பிராங்பர்ட்டுக்கு 26, மைன்ஸுக்கு 25. மறுபடியும் நான்காவது இடம். ஒரே ஒரு கோல் குறைவு.

நினைத்துப் பாருங்கள். முதல் வருடமாவது தாங்கள் தோற்றார்கள், காரணம் தங்களிடமே இருந்தது. இரண்டாவது வருடம் தங்கள் ஆட்டத்தில் தாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. வேறு எங்கோ, தாங்கள் கை வைக்கவே முடியாத ஒரு திடலில் விழுந்த கோல் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. முதல் வகைத் தோல்வியைவிட இது மோசம். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

2003-04. மூன்றாவது முயற்சி. இந்த முறை மைன்ஸ் எடுத்தது 54 புள்ளிகள்தான். முந்தின இரண்டு வருடத்தையும்விடக் குறைவு! ஆனால் அந்த வருடம் மற்ற குழுக்களும் தடுமாறின. கடைசி நாளில் டிரியர் குழுவை 3-0 என்று ஜெயித்து மூன்றாவது இடம் பிடித்தார்கள். கிளப்பின் வரலாற்றில் முதல் தடவையாகப் புண்டெஸ்லீகா.

64-க்கும் 62-க்கும் கிடைக்காதது 54-க்குக் கிடைத்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? உழைப்புக்கு ஏற்ற கூலி அந்தந்த வருடமே கைக்கு வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. மைன்ஸ் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: கதவு திறக்கிற அன்றைக்கு வாசலில் நிற்பது. மூன்றாவது வருடம் மனமுடைந்து பத்தாவது இடத்துக்குப் போயிருந்தால், 54 புள்ளிக்குக் கதவு திறந்தபோது அவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

5. பந்தை இழந்த பிறகு முதல் சில நொடிகள்

கிளோப் என்றாலே 'கேகன்பிரஸ்ஸிங்' என்பார்கள். பந்தை இழந்த உடனேயே, அதே இடத்திலேயே, கூட்டாகப் பாய்ந்து திரும்பப் பிடுங்குவது. இது ஏன் வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நம்மிடமிருந்து பந்தைப் பிடுங்கிய எதிரணிக்காரரை யோசியுங்கள். அவர் பந்தைப் பிடுங்குவதற்கே சக்தியைச் செலவழித்துவிட்டார். கண் பந்தின்மேல் இருக்கிறது. தன் ஆள்கள் எங்கே நிற்கிறார்கள் என்று இன்னும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய சக ஆட்டக்காரர்களோ, "பந்து கிடைச்சிடுச்சு!" என்று முன்னால் ஓட ஆரம்பித்து, தங்கள் இடத்தைக் காலி பண்ணுகிறார்கள். அதாவது, அவர்கள் ஜெயித்த அந்த நொடிதான் அவர்கள் ரொம்பப் பலவீனமாக இருக்கும் நொடி. அங்கேயே பந்தைத் திரும்ப எடுத்தால், கோலும் பக்கத்தில், தற்காப்பும் திறந்து கிடக்கும். உலகத்தின் எந்தச் சிறந்த நடுத்திடல் ஆட்டக்காரராலும் இவ்வளவு நல்ல வாய்ப்பை உருவாக்க முடியாது என்பது கிளோப்பின் கருத்து.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒருவர் மட்டும் பாய்ந்தால் வேலைக்கு ஆகாது. மற்றவர்களும் சேர்ந்து நெருங்கி, பந்து போகக்கூடிய வழிகளை அடைக்க வேண்டும். முக்கியமாக, பந்தை இழந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கக் கூடாது. வருத்தப்பட நேரம் எடுத்தால் அந்த நொடிகள் போச்சு.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் ஃபெயிலான 'கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பாடத்திலேயே இதுதான் இருக்கிறது! ஒரு இயந்திரம் தன் தவறை அளந்து, உடனே திருத்திக்கொள்ள வேண்டும். தவறு நடந்ததற்கும் திருத்தம் வந்து சேர்வதற்கும் இடையே தாமதம் கூடக் கூட, இயந்திரம் ஆட்டம் கண்டு, ஒரு கட்டத்தில் நிலை தடுமாறும். இதைப் பரீட்சையில் எழுதத் தெரியாதவன், வாழ்க்கையில் மூன்று வாரத் தாமதம் பண்ணிக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று வாரத்தில்தான் மறுபடி எழுதும் பாடத்துக்குப் பதிவு பண்ணும் முதல் சுற்று முடிந்துபோனது. கடனில் படிக்கிறவனுக்கு ஒரு பருவம் நீண்டால் எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டபோதுதான் வயிறு கலங்கியது.

அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதுக்கா ஒரு மாசமா ஒழுங்கா பேசாம இருந்தே? அம்மா உனக்கு ஒடம்புக்கு ஏதோன்னு பயந்துகிட்டு இருக்கா," என்றார். மறுநாளே பாட ஆலோசகரைப் பார்த்தேன். தாமதப் பதிவுக்கு ஒரு வழி இருந்தது. முதல் வாரமே கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை என்றார்.

6. கடைசி இடமும் எண்களும்

கிளோப்பின் கதை மைன்ஸோடு இனிதே முடிந்துவிடவில்லை. புண்டெஸ்லீகாவில் இரண்டு வருடம் 11-ஆவது இடம். 2007-இல் திரும்பவும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். அடுத்த வருடம் மேலே ஏற முயன்று, முடியாமல், 2008-இல் விலகினார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் பதினெட்டு வருடம் ஒரே கிளப்பில் இருந்தவர்.

பிறகு டோர்ட்மண்ட். 2005-இல் திவாலாகும் விளிம்பு வரை போய்வந்த கிளப் அது. முந்தின பருவம் 13-ஆவது இடம். கிளோப் இளம் ஆட்டக்காரர்களை வைத்து 2011, 2012 என இரண்டு முறை லீக் வெற்றியாளராக்கினார். 2012-இல் ஜெர்மன் கிண்ண இறுதியாட்டத்தில் பாயர்ன் முனிச்சை 5-2 என்று தோற்கடித்தார்கள்.

ஆனால் 2015 பிப்ரவரியில் அதே டோர்ட்மண்ட் புண்டெஸ்லீகாவின் கடைசி இடம், 18-ஆவது இடத்தில் நின்றது! அதே பயிற்றுநர், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். பருவ முடிவில் 7-ஆவது இடத்துக்கு ஏறினாலும், கிளோப் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

இங்கே நம்மைப் போன்ற எண் பைத்தியங்களுக்கு ஒரு சுவையான விஷயம். லிவர்பூல் கிளப்பில் இயன் கிரேம் என்ற ஆய்வாளர் இருந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் பருவத்தின் டோர்ட்மண்ட் ஆட்டங்களை எண்களாக்கிப் பார்த்தார். எத்தனை வாய்ப்புகளை உருவாக்கினார்கள், எங்கிருந்து அடித்தார்கள், எதிரணிக்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று கணக்கிட்டால், டோர்ட்மண்ட் அவ்வளவு மோசமாக ஆடவில்லை. அதிர்ஷ்டம்தான் படுமோசம். கிளோப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்த பிறகு, கிரேம் அவரிடம் மைன்ஸிடம் 2-0 என்று தோற்ற ஆட்டத்தின் எண்களைக் காட்டி, நீங்கள் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்றார். ஆட்டத்தைப் பார்த்தாயா என்று கிளோப் கேட்டார். கிரேம் பார்க்கவே இல்லை. எண்கள் மட்டுமே பேசின.

பாடம்: முடிவை மட்டும் பார்க்காதே, செய்முறையையும் அளந்து பார். ஆனால் இது ஒரு பக்கம்தான். இந்தக் கணக்கு நம்மைக் குற்றவாளி என்றும் சொல்லலாம். நான் என் பரீட்சைத் தாளை இப்படி அளந்து பார்த்தேன். பயிற்சிக் கணக்குகளில் பாதிக்கு மேல் விடையைப் பார்த்து எழுதியது. டோர்ட்மண்டுக்கு அதிர்ஷ்டம் இல்லை. எனக்கு உழைப்பு இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

7. ஆறு இறுதியாட்டங்கள்

2012-க்குப் பிறகு கிளோப் சந்தித்த பெரிய கிண்ண இறுதியாட்டங்களின் பட்டியல் இதோ:

2013 சாம்பியன்ஸ் லீக், பாயர்னிடம் 2-1 தோல்வி. 89-ஆவது நிமிடத்தில் கோல்.
2014 ஜெர்மன் கிண்ணம், பாயர்னிடம் தோல்வி.
2015 ஜெர்மன் கிண்ணம், வோல்ஃப்ஸ்பர்க்கிடம் தோல்வி.
2016 இங்கிலாந்து லீக் கிண்ணம், மான்செஸ்டர் சிட்டியிடம் பினால்டியில் தோல்வி.
2016 யூரோப்பா லீக், செவில்லாவிடம் 3-1 தோல்வி.
2018 சாம்பியன்ஸ் லீக், ரியால் மட்ரிட்டிடம் 3-1 தோல்வி.

வரிசையாக ஆறு. மாமாக் கடையில் டீ குடித்துக்கொண்டே, "இவருக்கு ஃபைனல்னாலே ராசி இல்லடா," என்று நாம் எல்லாரும் தீர்ப்புச் சொன்ன காலம் அது. நானும் சொல்லியிருக்கிறேன்.

2019 மே மாதம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சலோனாவிடம் 3-0 தோல்வி. திரும்பும் ஆட்டத்தில் சாலாவும் ஃபிர்மினோவும் காயத்தால் இல்லை. 4-0 வெற்றி! ஜூன் 1-ஆம் தேதி மட்ரிட்டில் டோட்டன்ஹாமை 2-0 என்று ஜெயித்துக் கிண்ணம் தூக்கினார்கள். அதே பருவம் பிரீமியர் லீக்கில் 97 புள்ளி எடுத்தும், மான்செஸ்டர் சிட்டி 98 எடுத்ததால் இரண்டாமிடம். மறுபடியும் ஒரு புள்ளி! அடுத்த பருவம் 99 புள்ளியோடு, 30 வருடம் கழித்து லிவர்பூல் லீக் வெற்றியாளர்.

8. 'போதும்' என்று சொல்வதும் ஒரு திறமை

2024 ஜனவரியில் கிளோப் பருவ முடிவில் விலகுவதாக அறிவித்தார். குழு அப்போது லீக்கில் முதலிடத்தில் இருந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தன்னிடம் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் பயிற்றுநராக இல்லாமல் ரெட் புல் நிறுவனத்தின் காற்பந்துத் தலைவராக வேறு வேலைக்குப் போனார்.

வகுப்பில் ஒரு தங்கை நல்ல கேள்வி கேட்டாள். "அண்ணா, விடாமுயற்சின்னு இவ்வளவு நேரம் சொன்னீங்க. கடைசில அவரே விட்டுட்டாரே?" நான் உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றேன். யோசித்து இப்போது எழுதுகிறேன், தங்கச்சி. தோல்விக்குப் பயந்து ஒளிவது வேறு. தன் அளவை நேர்மையாக அளந்து, உரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நகர்வது வேறு. "என் கால் நான்காம் பிரிவுக் கால்" என்று அளந்த அதே மனிதர்தான் "என் சக்தி தீர்கிறது" என்றும் அளந்தார். நான் மூன்று வாரம் ஒளிந்தது முதல் வகை.

9. நம் கிளைக்குத் திரும்பி

மறுபடி எழுதிய பாடத்தில் 'பி' வாங்கினேன். பெரிய சாதனை இல்லை. ஆனால் அந்தக் கணக்குகளை இந்த முறை நானே போட்டேன்.

பினால்டியை வெளியே அடித்த தம்பி வீட்டுக்கும் போனேன். அங்கேயும் தாமதம்தான், ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. பயிற்றுநர் என்று விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன், ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடம் அவன் தோளில் கை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அன்றைக்கு நான் என் சொந்தக் கவலையில் பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, "அண்ணா, யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அதான் எல்லாரும் கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

பந்தை இழந்தவனை நோக்கி மற்றவர்களும் ஓடி வர வேண்டும் என்று ஐந்தாம் பகுதியில் எழுதினேன் அல்லவா? அதை நான் திடலில் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் செய்யவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவன் வருகிறான். இன்னும் பினால்டி அடிக்க மாட்டேன் என்கிறான். சரி, அவசரமில்லை.

கலந்துரையாடலுக்கு

கிளைகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் கீழ்க்காணும் கேள்விகளைப் பயன்படுத்தலாம். நான்கைந்து பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

1. உங்கள் 'தலை' எந்தப் பிரிவு, 'கால்' எந்தப் பிரிவு? உங்களிடம் உள்ளதையும் இல்லாததையும் ஒவ்வொன்று சொல்லுங்கள்.

2. 2002-இல் மைன்ஸ் தோற்றதும் 2003-இல் தோற்றதும் எப்படி வேறுபடுகின்றன? உங்கள் அண்மைத் தோல்வி எந்த வகை?

3. நீங்கள் இன்னும் வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் இருக்கிறதா? வகுப்பில் சொல்ல வேண்டாம். யாரிடம், எப்போது சொல்வீர்கள் என்று மட்டும் மனதில் முடிவெடுங்கள்.

4. உங்களுக்கு ஒரு வோல்ஃப்காங் ஃபிராங்க் உண்டா? இந்த வாரம் அவருக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

5. கடைசியாக உங்கள் குழுவில், வகுப்பில், வீட்டில் பந்தை இழந்தவர் யார்? அவர் பக்கத்தில் யாராவது போய் உட்கார்ந்தார்களா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், வகுப்பைக் கொஞ்சம் சீக்கிரமே முடித்துக்கொள்ளுங்கள். அவர் வீடு தூரமாக இருக்காது.